நீ குந்திய படிகள்

பாவா,

இன்று காலை கல்லூரியில் ஒரு தவளையைத் திறந்தேன். மழை தொடங்கிவிட்டால் எங்களுக்குக் கூடை கூடையாகத் தவளை வரும். பிள்ளைகளுக்கு அறுத்துக் காட்டுவதுதான் இப்போது என் பிழைப்பு. இதயத்தைத் தனியாக எடுத்து உப்புத் தண்ணீர்த் தட்டில் விட்டேன். உடம்பை விட்டு வந்த பிறகும் அது தன்பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது. பிள்ளைகள் ஒருவர் தோள்மேல் ஒருவர் சாய்ந்து எட்டிப் பார்த்தார்கள். சேற்று வாடையும் மருந்து வாடையும் கலந்து மூக்கில் ஏறியதும், என் முழங்காலுக்குப் பக்கத்தில் யாரோ குந்தி உட்கார்ந்து மூச்சு வாங்குவது கேட்டது. நான் குனிந்து பார்க்கவில்லை. பார்த்தால் அங்கே யாரும் இருக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும்.

உனக்கு ஒரு சேதி சொல்ல வேண்டும். இந்த ஆடிக் கிருத்திகைக்கு ஊருக்குப் போயிருந்தபோது அத்தை, அதாவது உன் அம்மா, என்னிடம் சொன்ன சேதி. அன்றிலிருந்து அதை நெஞ்சில் வைத்துக்கொண்டு திரிகிறேன். அதை நேராகச் சொல்ல வரவில்லை. பழசை எல்லாம் ஒரு தடவை தொட்டுவிட்டுத்தான் அதற்கு வர முடியும் போலிருக்கிறது.

பட்டணம் காலியான வருஷம் உனக்கு மறந்திருக்காது. ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று ஊரே ரயிலேறியது. நம் கல்லூரிக்குப் பூட்டு போட்டார்கள். நீ என்னைவிட மூத்தவன், ஆனால் நோயும் நொடியுமாகப் பின்தங்கி என்னோடு ஒரே வகுப்பில் இருந்தாய். ஆட்டு மந்தை மாதிரி நெருக்கிக்கொண்டு வந்த கூட்டத்தில் நாம் திருத்தணியில் இறங்கினோம். பெட்டியைத் தூக்கியது நான். நீ பிளாட்பாரத்திலேயே குந்திவிட்டாய், கையை முழங்காலில் கட்டிக்கொண்டு, முகவாயை அதன்மேல் வைத்துக்கொண்டு. கொஞ்ச தூரம் நடந்தால் உனக்கு அப்படிக் குந்த வேண்டும். குந்தினால் மூச்சு திரும்பும். ஏன் என்று எந்தப் புத்தகத்திலும் நமக்குக் கிடைக்கவில்லை. உன் உதடும் நகமும் நாவல் பழம் தின்றவன் மாதிரி நீலமாக இருக்கும். பார்த்துப் பழகியதால் எனக்கு அது விநோதமாகவே பட்டதில்லை.

அத்தைக்கு அது விநோதம் மட்டுமில்லை, வரம். பிள்ளை இல்லாமல் மலைக்கு நடையாய் நடந்து பெற்ற பிள்ளை நீ. பிறந்ததும் மருத்துவச்சி உன் நிறத்தைப் பார்த்து முகம் சுளித்தாளாம். "மேல சொனையில பூக்குதே நீலக் குவள, அந்த நெறம்டி இது. சாமி தன் பூவக் குடுத்துட்டாரு" என்று அத்தை அவள் வாயை அடைத்துவிட்டாளாம். நம் மலையின் சுனையில் இந்திரன் வைத்த குவளை என்று கதை கேட்டு வளர்ந்த ஊரில் யார் மறுத்துப் பேசுவார்கள்? ஊருக்குள் உனக்கு அதுவே பேராகிவிட்டது. உனக்குக் கல்யாணம் பேசுவதற்கு முன் ஆடிக் கிருத்திகையில் பூக்காவடி எடுத்துப் படி ஏற வைப்பதாக அத்தை வேண்டிக்கொண்டிருந்தாள். ஒரு வருஷம் மழை, ஒரு வருஷம் அறுவடை, ஒரு வருஷம் பரீட்சை என்று அது தள்ளிக்கொண்டே போனது.

பரீட்சை எப்போது வரும் என்று தெரியாத அந்த விடுமுறையில்தான் உனக்கு அந்த யோசனை வந்தது. "பொஸ்தகத்துல படிச்சிகினு இருந்தா மண்டையில நிக்காதுடா. மீனு, தவள, ஓணான், புறா, எலி. ஒண்ணொண்ணா தொறந்து பாத்துடலாம்" என்றாய். வீட்டில் வைத்து அறுத்தால் அத்தை துடைப்பத்தை எடுப்பாள். ஆகவே எங்கள் நைனாவின் கிணற்றுக் கொட்டாய் நம் பரிசோதனைச் சாலை ஆனது. ஏற்றம் இறைக்காத மதிய வேளைகளில் ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்தோம். அறுப்பது நான். பார்த்துச் சுவரில் கரியால் படம் போடுவது நீ. அந்த நீல விரல்களுக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு கோடு வந்ததோ.

முதலில் ஏரிக் கெண்டை. செவுளுக்குப் பின்னால், தொண்டைக்குக் கீழேயே ஒதுங்கிக் கிடந்தது அதன் சின்ன இதயம். மேலே ஓர் அறை, கீழே ஓர் அறை, அவ்வளவுதான். கெட்ட ரத்தத்தைச் செவுளுக்குத் தள்ளிவிட்டால் அது அங்கே தண்ணீரிலிருந்து காற்றை வாங்கிக்கொண்டு, இதயத்துக்குத் திரும்பி வராமல் நேரே உடம்பைச் சுற்றப் போய்விடும். "ஒரு சுத்துல சோலி முடிஞ்சிது. நல்ல கஞ்சப் பிராணிடா" என்றாய். மிச்ச மீனைக் குழம்புக்குக் கொண்டுபோய்க் கொடுத்தோம். "நெஞ்சக் கிழிச்ச மீன எவன் துன்னுவான்?" என்று அத்தை நாய்க்குப் போட்டாள்.

தவளைக்கு மூன்று அறை. மேலே இரண்டு தனித்தனி, ஒன்றில் நல்ல ரத்தம், ஒன்றில் கெட்டது. ஆனால் கீழே இரண்டுக்கும் ஒரே கூடம். கரித்துண்டை வைத்துக்கொண்டு அந்தக் கீழறையைப் பார்த்துக்கொண்டே இருந்தாய். "ரெண்டும் இங்கதான் கலக்குதா?" என்று மட்டும் கேட்டாய். ஆமாம், கொஞ்சம் கலக்கும் என்றேன். உன் மனசில் என்ன ஓடியது என்று எனக்கு அப்போது தெரியாது.

ஓணானிடம் உனக்குத் தனிப் பிரியம். காலையில் வேலி மேல் அது வெயிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும். இந்தப் பக்கம் நீ சட்டையைக் கழற்றிவிட்டு அதே வெயிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பாய். தவளையின் தோல் ஈரம், அது அதனாலும் மூச்சு விடும். ஓணானுக்கு உலர்ந்த செதில், ஈரம் வெளியே போகாது, அதனால் தண்ணீரை மறந்து நிலத்தில் ஓட்டு முட்டை இடுகிறது. ஆனால் இரண்டுக்கும் சொந்தச் சூடு கிடையாது, வெளியிலிருந்துதான் வாங்க வேண்டும். "நானும் ஓணான் சாதிதான்" என்று உன் விரலை என் கழுத்தில் வைப்பாய். சித்திரை வெயிலிலும் அது சில்லென்று இருக்கும். ஓணானின் கீழறையில் பாதிச் சுவர் எழும்பி நின்றிருந்தது. நீ அந்தப் பாதிச் சுவரை எவ்வளவு கவனமாக வரைந்தாய்!

புறாவை அரக்கோணம் சந்தையில் வாங்கி வந்தேன். அதை உடனே என்னிடம் கொடுக்காமல் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கொட்டாயைச் சுற்றிச் சுற்றி வந்தாய். "இன்னா சூடுடா, அடுப்பு மாதிரி கீது" என்றாய். இறகுக்குள்ளே அதன் சூட்டைப் பூட்டி வைத்திருக்கிறது. எலும்புக்குள் காற்று, நுரையீரலுக்கு அப்பாலும் காற்றுப் பைகள். இதயமோ அந்த உடம்புக்குப் பெரியது, நான்கு அறை, நடுவில் முழுச் சுவர். நல்லதும் கெட்டதும் ஒன்றையொன்று பார்க்கவே முடியாது. அப்படி இருந்தால்தான் அந்தச் சூட்டுக்கும் அந்தப் பறப்புக்கும் தீனி போட முடியும். நீ அதைச் சுவரில் வரைந்தபோது கோட்டை ஒரு தடவைக்கு இரண்டு தடவை அழுத்தி இழுத்தாய்.

கடைசியாக வயலில் பிடித்த வெள்ளெலி. மயிரும் பாலும் உள்ள இனம், குட்டியை உள்ளேயே வைத்து வளர்க்கிற இனம், நம் இனம். பலகையில் கிடத்தினால் வயிறு உப்பியிருந்தது, சினை. கத்தியை எடுத்த என் கையைப் பிடித்துவிட்டாய். "வேணாம் வுட்று. அஞ்சாவதுக்கு இன்னாத்துக்குடா எலி? நான் இல்ல?" என்று சிரித்தாய். எலி வரப்புக்குள் ஓடிப்போனது. சுவரில் ஐந்தாவது இடம் வெறுமையாக நின்றது.

அதை நிரப்பியது டாக்டர். குண்டுக்குப் பயந்து பட்டணத்திலிருந்து வந்து தேரடிக்குப் பக்கத்தில் வாடகைக்குக் குடியிருந்த மனிதர். நீதான் என்னை இழுத்துக்கொண்டு போனாய், அத்தைக்குத் தெரியாமல். அவர் உன் மார்பில் வெகு நேரம் குழாயை வைத்துக் கேட்டார். நகங்களை அமுக்கிப் பார்த்தார். நாம் படிப்பது விலங்கியல் என்றதும் நிம்மதியோடு சொன்னார்: "அப்போ உங்களுக்குச் சொல்றது சுலபம் தம்பி. கீழ் ரெண்டு அறைக்கும் நடுவுல இருக்கற சுவர் முழுசா மூடலை. நுரையீரலுக்குப் போற வழியும் குறுகிப் போயிருக்கணும். கெட்ட ரத்தம் நல்லதோட கலந்து உடம்புக்குப் போகுது."

"மருந்து?" என்று கேட்டது நான்.

"இல்லை."

"மலை ஏறலாங்களா?" என்று கேட்டது நீ.

"மாடிப்படியே வேண்டாங்கறேன்" என்றார்.

திரும்பும் வழியில் குளத்தங்கரையில் குந்திக்கொண்டு நீ சிரித்தாயே, அந்தச் சிரிப்பு இன்னும் என் காதைவிட்டுப் போகவில்லை. "தவள நெஞ்சுடா எனக்கு. நான் அன்னிக்கே நெனச்சேன்."

"தவளைக்கு அது போதும் பாவா" என்றேன். வேறென்ன சொல்வது?

"அதான் கேக்கறேன். அதுக்குப் போதுது, எனக்கு ஏன் போதல?"

கேட்டதற்குப் படித்ததை ஒப்பித்தேன். தவளை தோலாலும் மூச்சு விடுகிறது, உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ளச் செலவு செய்வதில்லை, வறண்ட காலத்தில் மண்ணுக்குள் போய்ச் சும்மா கிடக்கிறது. நாம் அப்படி இல்லை, தூங்கும்போதும் அடுப்பு எரிய வேண்டும். கலப்பு ரத்தம் அந்த அடுப்புக்குக் காணாது. நீ தண்ணீரில் கல்லை விட்டெறிந்தாய். "ஆக, இந்தச் சூடுதான் என்னைத் துன்னுகினு கீது" என்றாய். நீ அழவில்லை. கொட்டாய்க்குப் போய் ஐந்தாவது இடத்தில் நான்கறை இதயத்தை வரைந்து, நடுச்சுவரில் ஒரு விரற்கடை கோடு போடாமல் விட்டாய்.

ஆடி பிறந்தது. நான் அத்தையிடம் சொல்லத் துடித்தேன். வேண்டுதலைச் சாமி பேரைச் சொல்லியே தள்ளி வைக்கலாம், எல்லாவற்றுக்கும் வழி இருக்கிறது என்றேன். நீ ஒரே பிடியாக மறுத்தாய். "சொன்னா இன்னா ஆவும்? இத்தன வருசமா என் நகத்த எடுத்து கண்ணுல ஒத்திகினு கீது. நாளையிலருந்து அதே நகத்தப் பாத்து அழுவும். பாதி உசுரோட நான் இருக்கறது போதும். அதுவும் பாதி உசுரா ஆவணுமா?" என்றாய். நான் கொட்டாயை விட்டு வெளியே வந்து நின்றேன். நீ கூப்பிட்டு, "நீ என் பக்கத்துலயே ஏறுவியாடா?" என்று கேட்டாய். ஆங் என்றேன்.

கிருத்திகையன்று நீ குளத்தில் முழுகிவிட்டு மஞ்சள் வேட்டியோடு படியில் கால் வைத்தபோது அத்தையின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். இல்லை, நீதான் பார்த்துக்கொண்டிருந்தாயே. காவடியில் கனமே இல்லாதபடி மூங்கிலைச் சீவி, பூவைக் குறைத்து நான்தான் கட்டியிருந்தேன். நம் ஊர்க்காரர்கள் ஒரு வரிசையாகப் பின்னால் வந்தார்கள். அரோகரா சத்தத்தில் உன் மூச்சு கேட்கவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய கிலி. முதல் திருப்பம் வருவதற்கு முன்பே குந்திவிட்டாய், தோளில் காவடியோடு, முகவாய் முழங்காலில். உதடு கறுத்துவிட்டிருந்தது.

பின்னால் வந்தவள் ஒருத்தி, "இன்னாத்துக்கு அண்ணி குந்தறாரு?" என்று கேட்டாள். அத்தை ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "வேண்டுதல்" என்றாள். அவ்வளவுதான். அந்தப் பெண்ணும் படியில் குந்தினாள். அவளுக்குப் பின்னால் அவள் மாமியார். அதற்குப் பின்னால் காவடி எடுத்தவர்கள். நீ எழுந்தால் அவர்கள் எழுந்தார்கள், நீ குந்தினால் அத்தனை பேரும் குந்தினார்கள். பாதி மலையில் நீ ஒரு தடவை திரும்பிப் பார்த்தாய். படி முழுக்க மஞ்சள் துணியில் ஆட்கள் முகவாயை முழங்காலில் வைத்துக்கொண்டு உன்னையே பார்த்துக் குந்தியிருக்கிறார்கள். மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவில் உனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "டேய், எல்லாருக்கும் தவள நெஞ்சு வந்துட்ச்சுடா" என்றாய்.

மேலே போய்ச் சேர்ந்தோம். எப்படி என்று என்னைக் கேட்டால் எனக்குத் தெரியாது. சாமி பார்த்த பிறகு மதிலோரமாக உட்கார்ந்து, ரயில் பாதை அரக்கோணத்துப் பக்கம் போய் மறைகிற இடம்வரைக்கும் பார்த்தாய். "எம்மாந் தூரம் தெரியுது. கீழருந்து பாத்துகினே காலத்த ஓட்டிட்டேன்" என்றாய். அத்தை உன் நெற்றியில் விபூதி பூசி, வழக்கம் போல உன் விரல்களை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

கார்த்திகை அடைமழையில் காய்ச்சல் வந்தது. தலைவலி என்று சொன்னாய், பிறகு எதுவும் சொல்லவில்லை. டாக்டர் அதற்குள் பட்டணம் திரும்பியிருந்தார். எல்லோரும் அழ ஆரம்பித்த பிறகு நான் உன் மார்பில் காதை வைத்துப் பார்த்தேன். தவளை நெஞ்சு என்றாயே, தவளை நெஞ்சு கடைசிவரை விடாதே, தனியாக எடுத்து வைத்தாலும் அடிக்குமே என்று காதை எடுக்காமல் வைத்திருந்தேன். நைனாதான் என்னைத் தூக்கி நிறுத்தினார்.

பொங்கலுக்குக் கொட்டாய்க்கு வெள்ளை அடித்தார்கள். ஆனால் மழை பெய்து சுவர் நனைந்தால் சுண்ணாம்புக்கு அடியிலிருந்து கரி மேலே தெரியும். ஐந்து இதயங்களும் வரிசையாக வரும், ஐந்தாவதில் விட்டுப்போன கோட்டோடு. காய்ந்ததும் போய்விடும். மழைக்காலத்தில் நான் அந்தப் பக்கம் போவதை நிறுத்திவிட்டேன்.

இனி சேதிக்கு வருகிறேன்.

நீ போன பிறகு பல வருஷம் நான் ஆடிக்கு ஊருக்குப் போகவில்லை. இந்த வருஷம் அத்தை ஆள் விட்டுக் கூப்பிட்டாள். முட்டி வலி, பிடித்துக்கொண்டு ஏற ஓர் ஆள் வேண்டும் என்றாள். முதல் திருப்பத்துக்குச் சற்றுக் கீழே, நீ முதலில் குந்திய அதே இடத்தில், எங்களுக்கு முன்னால் போன நம் ஊர்க்காரர்கள் சொல்லிவைத்தது போலக் குந்தினார்கள். காவடியோடு, முகவாய் முழங்காலில். நீ போன பிறகு நம் ஊருக்கு மருமகளாக வந்த பெண்கள், உன்னைக் கண்ணால் பார்க்காத சின்னஞ்சிறுசுகள், எல்லோரும் உன் மாதிரியே கையைக் கட்டிக்கொண்டு. நம் ஊர்க் காவடி என்றால் குந்திக் காவடியாம், குந்தி ஏறினால் கேட்டது கிடைக்குமாம். எந்த முகத்தைப் பார்த்தாலும் ஒரு கணம் நீயாக இருந்து பிறகு வேறு யாராகவோ மாறியது. எழுந்து நின்று கத்த வேண்டும் போல எரிச்சல் வந்தது. இது வேண்டுதல் இல்லை, இது மூச்சுத் திணறல், நெஞ்சுச் சுவரில் ஓட்டை என்று கத்த வேண்டும் போல.

அத்தை என் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள். என் முகத்திலேயே எல்லாம் எழுதியிருந்திருக்கும்.

"எனக்குத் தெரியும் கண்ணு" என்றாள். "அவன் மூச்சுக்குத்தான் குந்துனான். சாமிக்கு இல்ல."

நான் அவள் பக்கம் திரும்பினேன்.

"பெத்தவளுக்குத் தெரியாதா? நடக்கக் கத்துக்கினதுலருந்து குந்துனான். குவளப் பூவுன்னு சொன்னேன். நெறத்தப் பாத்து அவன் பயந்துடக் கூடாதுன்னு சொன்னேன். வருசா வருசம் மழ, அறுப்புன்னு சாக்கு சொல்லித் தள்ளிகினு வந்தது யாரு? நான்தானே."

"அப்புறம் ஏன் அத்த அந்த வருஷம் ஏத்துனே?"

"அவனே வந்து கேட்டான். இந்த வருசம் போலாம்மான்னு. வேணாம்னு சொன்னா, எனக்குத் தெரியும்னு அவனுக்குத் தெரிஞ்சிடுமே, கண்ணு."

இதுதான் சேதி, பாவா. அவள் உடைந்துவிடக் கூடாது என்று நீ ஏறினாய். நீ உடைந்துவிடக் கூடாது என்று அவள் உன்னை ஏற விட்டாள். நடுவில் எல்லாம் தெரிந்த பெரிய படிப்பாளி நான், இரண்டு பேர் வாயையும் பார்த்துக்கொண்டு காவடிக்குப் பூக் கட்டினேன். ஒரு சொல்லில் முடிந்திருக்கும். நீங்கள் இரண்டு பேரும் அந்தச் சொல்லைக் கடைசிவரை ஒருவருக்கொருவர் மறைத்து வைத்தீர்கள். உங்கள் மேல் எனக்கு ஆத்திரம் தீரவில்லை. இதை எழுதும்போதும் தீரவில்லை.

"வுட்று. குந்தட்டும்" என்றாள் அத்தை. "அவன் ஒண்டியா குந்திகினு இருந்தான். இப்ப எத்தன பேரு பாரு."

அவளோடு நானும் குந்தினேன். எனக்கு மூச்சு வாங்கவில்லை. நான்கு அறையும் ஒழுங்காக இருக்கிற நெஞ்சு எனக்கு, அது சும்மா தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தது. மேலே போகும்வரை ஒவ்வொரு திருப்பத்திலும் அவர்கள் குந்திய போதெல்லாம் குந்தினேன்.

யாரைப் பார்த்தாலும் முகத்துக்கு முன்னால் நகத்தைப் பார்க்கிற பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை. கல்லூரி மாடிப்படி திரும்பும் இடத்தில், சுவரோரமாக ஓர் ஆள் குந்துமளவு இடம் விட்டுத்தான் ஏறுகிறேன். இன்று காலை ஒரு பெண் கேட்டாள், "சார், ரெண்டு ரத்தமும் கலந்தா தவளைக்குப் போதுமா?" என்று. போதும் என்றேன். மணி அடித்ததும் எல்லோரும் போய்விட்டார்கள். தட்டில் அது இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. கொட்டிவிட வந்த ஆளை அப்புறம் வரச் சொல்லிவிட்டு, தட்டைத் தரையில் வைத்து, முகவாயை முழங்காலில் வைத்துப் பக்கத்தில் குந்திக்கொண்டேன். அது நிற்கும்வரை எழுந்திருக்கவில்லை.